பங்கு வாங்கும் முன்: ஆண்டறிக்கையில் 'முடியாது' என்று சொல்லும் ஆளைத் தேடுவது எப்படி?

2008 செப்டம்பரில் ஹைதராபாத்தின் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு 'கோல்டன் பீக்காக்' விருது கிடைத்தது. நிறுவனத்தை ஒழுங்காக, பொறுப்போடு நடத்துவோருக்குத் தரப்படும் விருது அது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவித்த கதையாக இருந்தது என்றும் எழுதியிருந்தார்.

அந்த நிறுவனத்தில் சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிறுவனத்தோடும் அதை நடத்துபவரோடும் வேறு தொடர்பில்லாத இயக்குநர்கள், இருந்தார்கள். கணக்கைக் கவனிக்க இயக்குநர்களின் தணிக்கைக் குழு இருந்தது. உலகப் பெயர் பெற்ற ஆடிட்டர் நிறுவனம் கையெழுத்துப் போட்டிருந்தது. நியூயார்க் பங்குச் சந்தையிலும் அதன் பங்கு விற்பனையானது. சட்டம் போடச் சொன்ன நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. தலைவரைப் பார்த்து "இது முடியாது" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

கார்ப்பரேட் கவர்னன்ஸ், நிறுவன ஆளுகை என்று பெரிய பெயரில் பேசப்படுவதன் சாரம் இதுதான் என்பது என் எண்ணம். நிறுவனத்தை நடத்துபவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, அவர் அதை எப்போதாவது பயன்படுத்துகிறாரா? முதன்முதலாகப் பங்கு வாங்கப்போகிறவர் இந்தக் கேள்வியோடு ஆண்டறிக்கையைத் திறந்தால் போதும். கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரமும் ஒரு பென்சிலும் போதும். நான் பார்க்கும் வரிசையை அப்படியே சொல்கிறேன். நடுவே வேறு நாடுகளின் கதைகளும் வரும், ஏனென்றால் இந்தத் தவறுகள் எந்த நாட்டுக்கும் தனிச் சொத்து அல்ல.

காகிதங்களைச் சேருங்கள்

ஒரு ஆண்டின் அறிக்கை போதாது. குறைந்தது மூன்று ஆண்டு அறிக்கைகளை எடுத்து வையுங்கள். ஒரே பக்கத்தை மூன்று ஆண்டுகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது மாறியது, எது காணாமல் போனது என்று தெரியும். இந்திய நிறுவனம் என்றால் அதன் இணையதளத்தின் முதலீட்டாளர் பகுதியிலும், பிஎஸ்இ, என்எஸ்இ ஆகிய பங்குச் சந்தைகளின் தளங்களிலும் கிடைக்கும். அமெரிக்க நிறுவனத்துக்கு எட்கர் என்ற அரசுத் தளம் இருக்கிறது, இலவசம். அங்கே '10-கே' என்ற ஆண்டறிக்கையையும் 'பிராக்ஸி ஸ்டேட்மென்ட்' என்ற கூட்ட அறிக்கையையும் எடுங்கள். இயக்குநர்கள், சம்பளம், உறவுக்காரர் வியாபாரம் எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும். பிரிட்டனுக்கு கம்பெனீஸ் ஹவுஸ் தளம், ஜப்பானுக்கு எடிநெட். ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் ஆங்கில அறிக்கையும் தனியே போடுகின்றன.

அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள். முன்பக்கங்களில் சிரித்த முகங்களும் மரம் நடும் படங்களும் இருக்கும். அவற்றில் தவறில்லை, ஆனால் நமக்கு வேண்டியது கடைசி மூன்றில் ஒரு பங்கில், பொடி எழுத்தில் இருக்கிறது.

சாவி யார் கையில்?

முதலில் யார் உரிமையாளர் என்று பாருங்கள். இந்தியப் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாளுக்குள் பங்குடைமை விவரத்தை வெளியிட வேண்டும். அதில் புரமோட்டர், அதாவது நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், என்ற வரிசையில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார், அதில் எத்தனை சதவீதத்தை அடமானம் வைத்திருக்கிறார்.

இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம். தன் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கிய புரமோட்டருக்குப் பங்கு விலை இறங்கவே கூடாது என்ற நெருக்கடி வந்துவிடுகிறது. இறங்கினால் கடன் கொடுத்தவர் பங்கை விற்றுவிடுவார். அந்த நெருக்கடியில் இருப்பவர் கெட்ட செய்தியை ஒரு காலாண்டு தள்ளிப்போட நினைப்பார், அப்புறம் இன்னொரு காலாண்டு. சத்யத்தில் ராஜு குடும்பத்திடம் கடைசியில் 10 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் இருந்தது, அதுவும் அடமானத்தில். விலை சரிந்ததும் கடன் கொடுத்தவர்கள் விற்றார்கள். அடமான விவரத்தைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவு போட்டதே அதற்குப் பிறகு, 2009 ஜனவரியில்தான். இன்று அந்த எண் நம் கண்முன்னே இருக்கிறது. பார்க்காமல் விடாதீர்கள்.

மற்ற நாடுகளில் உரிமை வேறு வடிவத்தில் இருக்கும். அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தில் இரண்டு வகைப் பங்குகள் இருக்கலாம். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் நீங்களும் நானும் வாங்கும் பங்குக்கு ஒரு ஓட்டு, மார்க் ஸக்கர்பெர்க்கிடம் இருக்கும் 'பி' வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. ஓட்டுகளில் பாதிக்கு மேல் அவர் ஒருவரிடமே இருக்கிறது. ஆகவே அங்கே நாம் ஓட்டுப் போட்டு எதையும் தடுத்துவிட முடியாது என்று தெரிந்தே வாங்க வேண்டும். ஜப்பானில் வங்கியும், சரக்குக் கொடுப்பவரும், வாங்குபவரும் ஒருவர் பங்கை ஒருவர் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. கொடுக்கல் வாங்கல் உள்ள நண்பர் கூட்டத்தில் எழுந்து எதிர்த்து ஓட்டுப் போடமாட்டார். அப்படி வைத்திருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று 2015-ல் வந்த ஆளுகை நெறிமுறை கேட்கிறது. நிறுவனம் எழுதியிருக்கும் அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள்.

குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள்

இந்தியாவில் செபி விதி இப்படி: குழுத் தலைவர் புரமோட்டர் வகையைச் சாராதவராகவும் அன்றாட நிர்வாகத்தில் இல்லாதவராகவும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர். ஒரு சுயேச்சை இயக்குநர் தொடர்ந்து ஐந்தைந்து ஆண்டாக இரண்டு முறைதான் இருக்கலாம். இந்த எண்ணிக்கையை எல்லா நிறுவனமும் சரியாகவே காட்டும். அதைச் சரிபார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

வருகைப் பதிவைப் பாருங்கள். எத்தனை கூட்டம் நடந்தது, யார் எத்தனைக்கு வந்தார் என்று அட்டவணை இருக்கும். அடுத்து, அந்த இயக்குநர் வேறு எத்தனை நிறுவனங்களில் இருக்கிறார்? ஏழு பட்டியலிட்ட நிறுவனங்கள் வரை சட்டம் அனுமதிக்கிறது. முழு நேர வேலையையும் வைத்துக்கொண்டு ஐந்தாறு நிறுவனங்களின் காகிதங்களைக் கவனமாகப் படிப்பது கடினம் என்பது என் கருத்து. பிறகு அவருடைய பின்னணி. புரமோட்டரின் பழைய ஆடிட்டரா, குடும்ப வக்கீலா, ஒன்றாகப் படித்தவரா? சட்டப்படி அவர் சுயேச்சையாகவே இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவாரா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றையும்விட, பதவிக்காலம் முடியுமுன் விலகிப்போன சுயேச்சை இயக்குநர் யாராவது உண்டா என்று தேடுங்கள். விலகும்போது காரணத்தைக் கடிதமாகக் கொடுக்க வேண்டும், நிறுவனம் அதைப் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. 'சொந்த வேலை காரணமாக' என்று ஒருவர் எழுதினால் நம்பலாம். ஒரே ஆண்டில் மூன்று பேர் அதே வரியை எழுதினால் நான் அந்த நிறுவனத்தை மூடி வைத்துவிடுவேன்.

ஜெர்மனியின் அமைப்பு நம்மவர்களுக்குப் புதிது. அங்கே பெரிய நிறுவனங்களில் இரண்டு குழுக்கள். ஒன்று நடத்துவது, மற்றது மேற்பார்வை பார்ப்பது. ஒரே ஆள் இரண்டிலும் இருக்க முடியாது. 2,000 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்று 1976-ன் சட்டம் சொல்கிறது. ஓட்டு சமமாக நின்றால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு, அந்தத் தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு ஆள். கேட்க அருமையான ஏற்பாடு, எனக்கும் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனில் இதே அமைப்பு இருந்தது. போர்ஷே-பியெஹ் குடும்பத்திடம் பாதிக்கு மேல் ஓட்டு, லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதம், பாதி நாற்காலிகள் தொழிலாளர்களிடம். சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அமெரிக்காவில் காரைச் சாலையில் ஓட்டியே புகையை அளந்த வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுதான். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை நோட்டீஸ் அனுப்பியது. குடும்பம், அரசு, தொழிற்சங்கம் மூன்று தரப்பும் நிறுவனத்தின் வளர்ச்சியிலும் வேலைவாய்ப்பிலும் ஒரே பக்கம் நின்றால், கேள்வி கேட்க யார் மிச்சம்?

ஜப்பானின் ஒலிம்பஸ் கதை இன்னும் வலிக்கும். கேமராவும் எண்டோஸ்கோப்பும் செய்யும் அந்த நிறுவனத்துக்கு மைக்கேல் வுட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 2011-ல் தலைவரானார். ஜைரஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை வாங்கியபோது ஆலோசனைக் கட்டணமாக மட்டும் 68.7 கோடி டாலர் போயிருந்தது. அது யாருக்குப் போனது, ஏன் அவ்வளவு என்று கேட்டார். அக்டோபர் 14 அன்று இயக்குநர் குழு கூடி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அடுத்த மாதமே நிறுவனம் ஒப்புக்கொண்டது: 1990-களிலிருந்து மறைத்துவந்த முதலீட்டு நஷ்டத்தை மூடத்தான் அந்தக் கட்டணம். 'முடியாது' என்று சொல்ல ஆள் இருந்தார், குழு அந்த ஆளையே வெளியே அனுப்பியது. ஆகவே ஒரு தலைவரோ நிதித் தலைவரோ வந்து சில மாதங்களிலேயே வெளியேறினால், செய்திகளில் அதன் பின்கதையைத் தேடிப் பாருங்கள்.

பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் நிறுவனங்களைப் படிக்கும்போது ஒரு வசதி உண்டு. 1992-ல் சர் ஏட்ரியன் கேட்பரி தலைமையிலான குழு பிரிட்டனில் ஒரு வழியைக் காட்டியது: நெறிமுறையைக் கடைப்பிடி, இல்லையென்றால் ஏன் கடைப்பிடிக்கவில்லை என்று விளக்கு. மற்ற இரண்டு நாடுகளும் பின்னாளில் அதே வழியை எடுத்துக்கொண்டன. அந்த விளக்கப் பகுதியை மூன்று ஆண்டுகளுக்கும் படியுங்கள். வார்த்தை மாறாமல் அதே விளக்கம் திரும்பத் திரும்ப வந்தால், யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சொந்தக்காரர் கணக்கு

நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு பக்கம்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். கணக்குக் குறிப்புகளின் கடைசிப் பகுதியில் 'ரிலேட்டட் பார்ட்டி' என்ற தலைப்பில் இருக்கும். புரமோட்டர் குடும்பம், அவர்களுடைய வேறு நிறுவனங்கள், இயக்குநர்கள் ஆகியோருடன் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே வர வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு நூற்பாலை. அப்பா அந்த நிறுவனத்தின் பங்கை இருபது ஆண்டு வைத்திருந்தார். டிவிடெண்ட் வருடா வருடம் குறைந்தது. பஞ்சு விலை, மின்வெட்டு என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் பழைய அறிக்கைகளை எடுத்துவைத்துப் பார்த்தேன். அலுவலகக் கட்டடம் நிர்வாக இயக்குநரின் மனைவி பெயரில், வாடகை ஆண்டுதோறும் ஏறியது. நூலை விற்றுக்கொடுக்க மகனின் ஏஜென்சிக்குக் கமிஷன். சகோதர நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் மூன்றாம் ஆண்டில் 'வராக்கடன்' என்று தள்ளுபடி. எதுவும் மறைக்கப்படவில்லை, எல்லாம் அச்சில் இருந்தது. இருபது ஆண்டும் அறிக்கை தபாலில் வந்தது, நாங்கள்தான் பிரிக்கவில்லை. கூட்டிப் பார்த்தபோது குடும்பத்துக்குப் போனது, எல்லாப் பங்குதாரருக்கும் சேர்த்துக் கொடுத்த டிவிடெண்டைவிட அதிகம். அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதனால் நான் இப்போது செய்வது இது. அந்த அட்டவணையில் வாடகை, ராயல்டி, கமிஷன், கடன், ஜாமீன் ஆகிய ஐந்து வரிகளைப் பென்சிலால் வட்டமிடுவேன். முதல் மூன்றையும் கூட்டி அந்த ஆண்டின் நிகர லாபத்தோடு ஒப்பிடுவேன். லாபத்தில் ஓரிரு சதவீதம் என்றால் மேலே போவேன். பத்து சதவீதத்தைத் தாண்டினால், பதிலாக நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்று தேடுவேன். கடனும் ஜாமீனும் புரமோட்டரின் தனி நிறுவனத்துக்குப் போயிருந்தால், தொகை சிறியதானாலும் எனக்குப் பிடிக்காது.

சத்யம் முதலில் மாட்டியதும் இங்கேதான். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாரின் மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. ஆங்கிலத்தில் சத்யம் என்ற பெயரைத் திருப்பிப் போட்டால் மேட்டாஸ். பெரிய முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், நியூயார்க்கில் பங்கு விலை பாதிக்கு மேல் சரிந்தது, ஒரே இரவில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கணக்கில் மட்டும் இருந்த போலிச் சொத்துகளின் இடத்தை நிஜச் சொத்துகளால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று ராஜுவே பின்னர் எழுதினார். இப்போது இந்தியாவில் இத்தகைய பெரிய பரிவர்த்தனைகளுக்குப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும், தொடர்புடையவர்கள் அதை ஆதரித்து ஓட்டுப் போட முடியாது.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிலும் இதே பக்கம்தான். 1999-ல் அதன் இயக்குநர் குழு தன் ஒழுக்க விதியைத் தள்ளிவைத்து, நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ தானே நடத்தும் கூட்டு நிறுவனங்கள் என்ரானுடன் வியாபாரம் செய்ய அனுமதித்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஆள். 2000-ஆம் ஆண்டறிக்கையின் 16-ஆம் குறிப்பில், என்ரானின் மூத்த அதிகாரி ஒருவர் அந்தக் கூட்டு நிறுவனத்தை நடத்துகிறார் என்று எழுதியே இருந்தது. பெயர் மட்டும் இல்லை. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு விலகியவர்களின் பணம் தப்பியது. நீங்களும் ஒரு பத்தியை மூன்று முறை படித்தும் புரியவில்லையென்றால் உங்கள் அறிவைச் சந்தேகிக்காதீர்கள். அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.

பணம் நிஜமாகவே இருக்கிறதா?

சத்யத்தின் 5,040 கோடியைச் சொன்னேன். இத்தாலியின் பால் நிறுவனமான பார்மலாட்டில் 2003-ல் இதே கதை. கேமன் தீவுத் துணை நிறுவனத்தின் பெயரில் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிய கடிதம் போலி. 2020 ஜூனில் ஜெர்மனியின் மின்னணுப் பணப்பரிமாற்ற நிறுவனமான வயர்கார்ட், பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று அறிவித்து, ஒரு வாரத்தில் திவால் மனு போட்டது. ஜெர்மனியின் முதல் 30 நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது அது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு தொழில், ஒரே தந்திரம்.

வங்கிக்குப் போய் நம்மால் சரிபார்க்க முடியாது. ஆனால் ஒரு எளிய கணக்குப் போடலாம். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம், வங்கி இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். 'இதர வருமானம்' பகுதியில் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். 1,000 கோடி டெபாசிட் வைத்திருப்பவருக்கு 6 சதவீதம் என்றால்கூட 60 கோடி வர வேண்டும். 15 கோடிதான் வந்திருக்கிறது என்றால் மிச்சம் எங்கே? நடப்புக் கணக்கில் வட்டி வராது, ஆண்டுக் கடைசியில் மட்டும் வசூல் குவிந்திருக்கலாம். இப்படி நியாயமான காரணங்களும் உண்டு. மூன்று ஆண்டும் அதே இடைவெளி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வட்டியையே பொய்யாக எழுதியவர்களும் உண்டு, சத்யம் அதையும் செய்தது. ஆகவே இன்னொன்றையும் கேளுங்கள்: கை நிறையப் பணம் வைத்திருப்பவர் ஏன் அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார்?

பிறகு ஆடிட்டர் அறிக்கை. முதல் பத்தியில் கருத்து இருக்கும். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று நிபந்தனையில்லாமல் சொன்னால் சரி. 'இதைத் தவிர்த்து' என்ற பொருளில் ஒரு வார்த்தை வந்தால் நின்று படியுங்கள். அதற்குக் கீழே, தணிக்கையில் தாங்கள் அதிகம் கவனம் செலுத்திய விஷயங்கள் என்று இரண்டு மூன்றை ஆடிட்டரே எழுதியிருப்பார். அவருக்கு எங்கே தயக்கம் இருந்தது என்று அது காட்டிவிடும். ஆடிட்டர் பாதியில் விலகினால், இயக்குநர் விலகலைவிடப் பெரிய எச்சரிக்கை மணி அது. கட்டணத்தையும் ஒரு பார்வை பாருங்கள். என்ரானிடம் அதன் ஆடிட்டர் நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் 2000-ல் தணிக்கைக்கு 2.5 கோடி டாலரும் வேறு ஆலோசனைகளுக்கு 2.7 கோடி டாலரும் வாங்கியது. இவ்வளவு கொடுக்கும் வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று சொல்ல மிகுந்த தைரியம் வேண்டும்.

சம்பளம்

இதை வேகமாகப் பார்த்தால் போதும். இந்திய அறிக்கையில் நிர்வாக இயக்குநரின் சம்பளம் நடுத்தர ஊழியரின் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று போட்டிருப்பார்கள். மடங்கு பெரிதாக இருப்பதைவிட, லாபம் இறங்கிய ஆண்டில் அது ஏறியதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐச்சர் மோட்டார்ஸில் சித்தார்த்த லாலை மறுபடி நிர்வாக இயக்குநராக நியமிக்கும் தீர்மானம், சம்பள ஏற்பாட்டோடு சேர்ந்து தோற்றது. தேவையான 75 சதவீத ஓட்டு கிடைக்கவில்லை. சம்பளத்துக்கு வரம்பு போட்டுத் திருத்தி மறுபடி கொண்டுவந்தபோது நிறைவேறியது. நல்ல நிறுவனத்தில் நல்ல நிர்வாகியிடம்கூடப் பங்குதாரர்கள் 'இவ்வளவு வேண்டாம்' என்று சொல்லலாம், அதனால் நிறுவனம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

லஞ்சமும் அபராதமும்

வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977-லேயே குற்றமாக்கியது. ஜெர்மனியிலோ வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ள 1999 வரை முடிந்தது. ஒரே செயல் ஒரு நாட்டில் சிறை, இன்னொரு நாட்டில் வரிச்சலுகை. அந்தப் பழக்கம் ஊறிய ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் 2008-ல் அமெரிக்கா, ஜெர்மனி இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 160 கோடி டாலர் கட்டியது. வேலையைச் சீக்கிரம் முடித்துத்தரக் கொடுக்கும் சின்னத் தொகையில்கூட நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கச் சட்டம் அதற்கு விலக்குத் தருகிறது, பிரிட்டனின் 2010 சட்டம் தருவதில்லை. இந்தியாவில் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி, கொடுத்த நிறுவனமும் பொறுப்பு.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் கட்டிய வளாகத்துக்குக் கட்டட அனுமதி வாங்க அதிகாரிக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடு செய்ததாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, காக்னிசண்ட் 2019-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டியது. நிறுவனம் தானே முன்வந்து விஷயத்தைத் தெரிவித்ததால் அமெரிக்க நீதித்துறை நிறுவனத்தின் மீது குற்ற வழக்குப் போடவில்லை. தப்பு நடந்ததா என்பதோடு, அதை முதலில் சொன்னது யார் என்பதையும் பாருங்கள்.

எங்கே தேடுவது? அமெரிக்க 10-கே அறிக்கையில் வழக்குகளுக்குத் தனிப் பகுதி உண்டு. இந்தியாவின் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் தரும் பொறுப்புடைமை அறிக்கையில், அதாவது 'பிஆர்எஸ்ஆர்'-இல், முதல் கோட்பாட்டின் கீழ் அபராதங்கள் வரிசையாக இருக்கும்.

அதே அறிக்கையில் ஊழியர் புகார் எத்தனை வந்தது என்ற எண்ணும் உண்டு. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று ஆண்டாகப் புகார் பூஜ்யம் என்றால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, யாரும் வாய் திறக்கவில்லையோ என்ற கவலைதான் வருகிறது. வயர்கார்டில் முதலில் குரல் கொடுத்தது சிங்கப்பூர் அலுவலகத்தில் இருந்த ஒரு சட்ட அலுவலர். ஃபைனான்ஷியல் டைம்ஸ் அதை எழுதியபோது, ஜெர்மனியின் கட்டுப்பாட்டு அமைப்பு பத்திரிகையாளர்கள் மீதே புகார் கொடுத்தது.

வாங்கிய பிறகு ஓட்டுப் போடுங்கள்

முன்பெல்லாம் ஏஜிஎம், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம், என்றால் சென்னையில் ஏதாவது ஒரு சபா அரங்கில் காலையிலேயே கூட்டம் சேரும், இனிப்பு காரப் பொட்டலம் கிடைக்கும், வயதானவர்கள் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். இப்போது பெரும்பாலும் காணொளியில் நடக்கிறது, மதுரையில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் பேசலாம். நோட்டீஸ் 21 நாள் முன்பே வரும். மின்னணு வடிவில் பங்குகளை வைத்திருக்கும் அமைப்புகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில் உங்கள் டீமேட் (பங்குக் கணக்கு) விவரத்தோடு நுழைந்தால் இ-வோட்டிங், அதாவது இணையவழி ஓட்டு. குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனி ஓட்டு. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 'ஆதரவு' அழுத்திவிட்டு வந்துவிடாதீர்கள். இயக்குநர் மறுநியமனம், ஆடிட்டர், சம்பளம், ரிலேட்டட் பார்ட்டி ஆகிய நான்கையாவது விளக்கக் குறிப்போடு படியுங்கள். இரண்டு வேலை நாளுக்குள் முடிவு வெளியாகும். அதில் புரமோட்டர், நிதி நிறுவனங்கள், பொதுமக்கள் என்று மூன்று வரிசை இருக்கும். நிதி நிறுவனங்களின் வரிசையில் எதிர்ப்பு 20, 30 சதவீதம் என்று வந்திருந்தால், தீர்மானம் வென்றிருந்தாலும் அடுத்த ஆண்டு அதே விஷயத்தை முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். பேச விரும்புபவர் எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று நோட்டீஸிலேயே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு முன், சிறிய நிறுவனம் ஒன்றின் கம்பெனி செக்ரட்டரிக்கு நான்கு வரி எழுதினேன். தலைவரின் அண்ணன் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கிடங்கு வாடகை ஒரே ஆண்டில் 40 சதவீதம் ஏறியிருந்தது, ஏன் என்று கேட்டேன். என்னிடம் இருந்தது 60 பங்கு. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கிடங்கின் பரப்பு எவ்வளவு கூடியது, அதே சாலையில் வேறு இரண்டு கிடங்குகளின் வாடகை என்ன, தணிக்கைக் குழு எந்தத் தேதியில் ஒப்புதல் கொடுத்தது, அந்தக் குழுவில் ஒருவர் முதலில் கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பது வரை எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் இன்னும் 40 பங்கு வாங்கினேன்.